ஆராய்ச்சி வீடு தேடி வந்தது... வைத்தியம்?

எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு லைன் வீடு இருக்கிறது. ஆறு அறை, ஒவ்வொன்றும் பத்துக்குப் பத்து. அறைக்கு ஏழெட்டுப் பேர். பகல் ஷிப்ட் எழுந்து போனதும் நைட் ஷிப்ட் வந்து அதே பாயில் படுக்கும். எல்லோரும் காட்டுப்பள்ளிப் பக்கம் யாரோ ஒரு கான்ட்ராக்டரிடம் வேலை பார்க்கிறவர்கள். பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, வங்காளம். நம்மூர்க்காரர்கள் எல்லோரையும் மொத்தமாக "இந்திக்காரப் பசங்க" என்று சொல்லிவிடுவார்கள். ஒடிசாக்காரனும் வங்காளியும் கேட்டால் சண்டைக்கு வருவார்கள், அது வேறு விஷயம்.

அதில் ஒரு பையன் ராத்திரி முழுக்க இருமிக்கொண்டிருந்தான். ஒரு மாதத்துக்கு மேல். என் அம்மாவுக்கு ராத்திரி தூக்கம் வராது, அதனால் முதலில் கவனித்தது அவர்தான். "அந்தப் புள்ள ரொம்ப இருமுதுடா. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லு" என்றார். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் போய்ச் சொன்னேன். லீவு எடுத்தால் கூலி போய்விடும் என்றான். ஒருவழியாக ஒருநாள் போய் சளி கொடுத்துவிட்டு வந்தான். டி.பி. என்று வந்தது.

அடுத்த வாரம் அறையில் அவன் இல்லை. "ஊருக்கு அனுப்பிட்டாங்க பையா. மேஸ்திரி டிக்கெட் எடுத்துக் கொடுத்துட்டாரு" என்றான் கூட இருந்தவன். கையில் எத்தனை நாள் மாத்திரை கொண்டு போனான் என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. அவன் படுத்திருந்த பாயில் இன்னொருவன் படுத்திருந்தான்.

டி.பி. ஒன்றும் புது வியாதி இல்லை, இலவச மாத்திரை இருக்கிறது, ஆறு மாதம் சாப்பிட்டால் பெரும்பாலோருக்குக் குணமாகிவிடும், இதெல்லாம் பள்ளிக்கூடப் பாடத்திலேயே படித்ததுதான். பிறகு ஏன் இப்படி? அந்தக் கேள்வியோடு படிக்க ஆரம்பித்தபோதுதான் ஒரு ஆச்சரியம் கிடைத்தது. உலகத்தில் டி.பி.யைப் பற்றி எழுதப்பட்ட எந்தப் பெரிய பாடப் புத்தகத்தை எடுத்தாலும் அதில் இரண்டு ஊர் பெயர் வருகிறது. ஒன்று மெட்ராஸ். இன்னொன்று செங்கல்பட்டு. அந்தச் 'செங்கல்பட்டு' வேறு எதுவும் இல்லை, இன்றைய நம் திருவள்ளூர் மாவட்டத்தையும் சேர்த்த பழைய செங்கல்பட்டு மாவட்டம்!

இரண்டையும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் மெட்ராஸ் கதை. 1956ல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்து ஆராய்ச்சி மையம் ஒன்று தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து. வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் டாக்டர் அதற்குத் தலைமை. (இதே மையம்தான் 2011ல் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயர் மாறியது.) அந்தக் காலத்தில் டி.பி. என்றால் சானடோரியம். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு, மாதக்கணக்கில் படுக்கை. தாம்பரத்துக்குப் பக்கத்தில் ரயில்வே ஸ்டேஷனுக்கே சானடோரியம் என்று பெயர் நிற்கிறதே, அந்தக் காலத்தின் மிச்சம் அது. பிரச்சினை என்னவென்றால், நாட்டில் இருந்த நோயாளிகளின் எண்ணிக்கைக்கு முன்னால் படுக்கைகள் சமுத்திரத்தில் கரைத்த பெருங்காயம்.

அப்போது புது மாத்திரைகள் வந்திருந்தன. ஐசோனியசிட், பாஸ். அந்த மையத்தில் ஒரு எளிமையான கேள்வி கேட்டார்கள். அதே மாத்திரையை வீட்டிலேயே சாப்பிட்டால் என்ன? 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்கு, ஒரு பாதி சென்னையின் நெருக்கடியான வீடுகளுக்கே திரும்பவும். ஒரு வருடம் சிகிச்சை. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடும் ஓய்வும். வீட்டில் இருந்தவர்களுக்கு அதே பழைய கஞ்சி, அதே வேலை, அதே இருட்டு அறை.

முடிவு 1959ல் வெளியானது. வருடக் கடைசியில் சானடோரியத்தில் 92 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியிருந்தது. வீட்டில் 86 சதவீதம். பெரிய வித்தியாசம் இல்லை. ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். நோயாளியை வீட்டில் வைத்திருந்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. மாத்திரை சாப்பிட ஆரம்பித்ததுமே தொற்றும் வேகம் குறைந்துவிடுகிறது, தொற்ற வேண்டியது அதற்கு முன்னாலேயே தொற்றியிருக்கும். உலகமே சானடோரியக் கதவுகளை மூட ஆரம்பித்ததற்கு இந்த ஆராய்ச்சி ஒரு பெரிய காரணம். 1962ல் வந்த நம் தேசிய காசநோய்த் திட்டமும் வீட்டிலிருந்தே சிகிச்சை என்ற அடிப்படையில்தான் எழுந்தது.

இதுவரைக்கும் பெருமைப்படலாம். நானும் பெருமைப்பட்டேன். ஆனால் ஆராய்ச்சியின் உள்ளே போய்ப் பார்த்தால் இன்னொன்று தெரிகிறது. வீட்டில் சிகிச்சை என்றால் மாத்திரையைக் கையில் கொடுத்து "போய்ட்டு வா" என்று சொன்னதில்லை. நோயாளி ஒழுங்காக மையத்துக்கு வந்து மருந்து வாங்க வேண்டும். சுகாதாரப் பணியாளர் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பார். சொல்லாமல் கொள்ளாமல் வந்து மீதி மாத்திரையை எண்ணுவார்கள், சிறுநீரைப் பரிசோதித்து மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்ப்பார்கள். வரவில்லை என்றால் தேடிக்கொண்டு போவார்கள். ஆக, 86 சதவீதம் என்ற எண்ணை வாங்கிக் கொடுத்ததில் மாத்திரைக்குப் பாதிப் பங்கு என்றால், தேடிப் போன கால்களுக்குப் பாதிப் பங்கு.

திட்டமாக நாடு முழுக்கப் போனபோது மாத்திரை போனது. கால்கள் போகவில்லை. வீட்டுச் சிகிச்சை மலிவு என்ற பாதியை மட்டும் எடுத்துக்கொண்டோம். மலிவான பாதி அரசாங்கங்களின் கண்ணுக்கு எப்போதுமே முதலில் தெரியும், இல்லையா?

இரண்டாவது கதை இன்னும் நம் மாவட்டத்துக்கு நெருக்கம். பி.சி.ஜி. தடுப்பூசி. நம் எல்லோருக்கும் இடது தோளில் ஒரு தழும்பு இருக்குமே, அதுதான். இந்தத் தடுப்பூசி பற்றி நம்மூரில் ஒரு பழைய சண்டையே உண்டு. கிண்டியில் 1948லேயே இதற்குத் தயாரிப்புக்கூடம் வந்துவிட்டது. நாடெங்கும் ஊசி போட ஆரம்பித்தபோது, 1955ல் ராஜாஜி இதை எதிர்த்து ஒரு சிறு புத்தகமே எழுதினார். முதலமைச்சர் பதவியை விட்டு இறங்கிய மறு வருடம்! அவர் சொன்ன காரணங்களில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் "இது வேலை செய்கிறது என்பதற்கு இங்கே என்ன ஆதாரம்?" என்பது கேட்க வேண்டிய கேள்விதான். ஏனென்றால் பிரிட்டனில் நன்றாக வேலை செய்த ஊசி அமெரிக்காவில் நடந்த சில சோதனைகளில் சரியாக வேலை செய்யவில்லை.

கேள்விக்கு விடை தேட 1968ல் திருவள்ளூர்ப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். 200க்கும் மேற்பட்ட பஞ்சாயத்துகள், கூடவே திருவள்ளூர் டவுன். 1971 வரை வீடு வீடாகப் போனார்கள். சுமார் 3 லட்சத்து 60 ஆயிரம் பேரின் பெயரை எழுதிக்கொண்டார்கள். அதில் 2 லட்சத்து 80 ஆயிரம் பேருக்கு ஊசி போட்டார்கள். சிலருக்கு டென்மார்க் வகை, சிலருக்கு பிரெஞ்சு வகை, அதிலும் கூடுதல் அளவு, குறைந்த அளவு, இன்னும் சிலருக்கு மருந்தே இல்லாத வெறும் ஊசி. யாருக்கு எது போட்டோம் என்று போட்டவர்களுக்கே தெரியாது. பிறந்து ஒரு மாதம் ஆன குழந்தையிலிருந்து கிழவர் வரை. பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நெஞ்சு எக்ஸ்ரே. அதுவும் பெரும்பாலான வீடுகளில் கரண்ட் இல்லாத கிராமங்களில்! பிறகு இரண்டரை வருடத்துக்கு ஒருமுறை திரும்பவும் அதே வீடுகளுக்கு. பதினைந்து வருடம்.

உலகத்தில் நடந்த மிகப் பெரிய தடுப்பூசிச் சோதனைகளில் ஒன்று இது. ஏழரை வருடம் பார்த்த பிறகு 1979ல் முதல் முடிவு வந்தது. நுரையீரல் டி.பி.யை பி.சி.ஜி. தடுக்கவே இல்லை! பதினைந்து வருட முடிவு 1999ல் அச்சானது. பெரியவர்களுக்குப் பாதுகாப்பு சுத்தமாக இல்லை, குழந்தைகளுக்கு மிகக் கொஞ்சம். (உடனே ஊசி வேண்டாம் என்று கிளம்பிவிடாதீர்கள். கைக்குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகை டி.பி., உடம்பு முழுக்கப் பரவும் டி.பி. இரண்டையும் பி.சி.ஜி. நன்றாகவே தடுக்கிறது. அதற்காகத்தான் இன்றும் பிறந்த குழந்தைக்குப் போடுகிறார்கள். போடத்தான் வேண்டும்.)

கோடிக்கணக்கில் செலவு செய்து, வருடக்கணக்கில் அலைந்து, கடைசியில் "பலன் இல்லை" என்று ஒரு முடிவு வந்தால் அதை அப்படியே வெளியிட ஒரு நேர்மை வேண்டும். அந்த விஞ்ஞானிகளுக்கு அது இருந்தது. மருந்துக் கம்பெனிகள் தங்களுக்குப் பிடிக்காத முடிவுகளை அலமாரியில் பூட்டி வைக்கிற உலகத்தில் இது சின்ன விஷயம் இல்லை. ஆகவே அவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை.

என் உறுத்தல் வேறு இடத்தில். 3 லட்சத்து 60 ஆயிரம் பேருடைய பெயர், வயது, வீடு எல்லாம் ஒரு கட்டத்தில் ஒரு அலுவலகத்தில் இருந்தது. அவர்கள் இருமினால் சளியை எடுக்க ஆள் வந்தது. இது ஒரு கேள்விக்கு விடை தேடுவதற்காக நடந்தது, விடை கிடைத்ததும் நின்றது. ஊசி போட்டுக்கொண்ட மக்களுக்கு அந்த ஆராய்ச்சியிலிருந்து நிரந்தரமாக என்ன மிஞ்சியது? மருத்துவ ஆராய்ச்சிக்கான நெறிமுறை அறிக்கையை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் முதன்முதலாக வெளியிட்டதே 1980ல்தான். திருவள்ளூரில் கடைசி ஊசி போட்டு ஒன்பது வருடம் கழித்து! ஆராய்ச்சி முடிந்த பிறகு பங்கெடுத்தவர்களுக்கு நிரூபணமான சிகிச்சை கிடைக்க வேண்டும் என்ற கருத்து ஹெல்சிங்கி பிரகடனத்துக்குள் வந்தது 2000ல். அன்றைய ஆட்களை இன்றைய சட்டத்தால் அளக்கக் கூடாது என்பது சரி. ஆனால் கடன் கடன்தானே? ஒரு மாவட்டம் உலகத்துக்கு ஒரு உண்மையைக் கொடுத்திருக்கிறது. அந்த மாவட்டத்தில் டி.பி. வந்தவனை மேஸ்திரி டிக்கெட் எடுத்து அனுப்பிவிடுகிறார், கேட்பதற்கு ஆள் இல்லை.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி உண்டு. "வீடு வீடாகப் போனால் எல்லாம் சரியாகிவிடுமா?" ஆகாது. அதையும் நம் மாவட்டமே காட்டியிருக்கிறது. 1999லிருந்து திருவள்ளூர் மாவட்டத்தின் ஒரு பகுதியை டாட்ஸ் முறைக்கு மாதிரிப் பகுதியாக எடுத்துக்கொண்டு, கண் முன்னால் மாத்திரை சாப்பிட வைக்கிற சிகிச்சையைச் சேத்துப்பட்டு மையம் ஆராய்ந்தது. கூடவே நோயாளிகளைத் தேடி வீடு வீடாகக் கணக்கெடுப்பும் நடந்தது. முதல் சில வருடங்களில் அங்கே சளியில் கிருமி உள்ளவர்களின் விகிதம் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. பெரிய வெற்றி. ஆனால் சிகிச்சையைப் பாதியில் விட்டவர்கள் யார் என்று பார்த்து 2002ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆண்கள், குடிப்பழக்கம் உள்ளவர்கள், முன்பே ஒருமுறை சிகிச்சை எடுத்தவர்கள். இதெல்லாம் யாரும் ஊகிக்கக்கூடியதுதான். நான்காவதாக ஒன்று இருந்தது. தானாக ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களைவிட, கணக்கெடுப்பில் வீட்டிலேயே கண்டுபிடிக்கப்பட்டவர்கள் சிகிச்சையை அதிகம் விட்டுவிட்டார்கள்!

இதை வாசித்ததும் கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டே இருந்தேன். பிறகு புரிந்தது. ஆஸ்பத்திரிக்கு வருகிறவனுக்கு உடம்பு முடியவில்லை, அதனால் வருகிறான். வீட்டில் பிடிபட்டவனுக்கு இன்னும் உடம்பு ஓடிக்கொண்டிருக்கிறது. "எனக்கென்ன?" என்று நினைக்கிறான். வேலைக்குப் போகிறான். ஆகவே தேடிக் கண்டுபிடிப்பது பாதி வேலைதான். கண்டுபிடித்த ஆளை ஆறு மாதம் கூடவே இருந்து கொண்டு செலுத்துவது மீதிப் பாதி. அந்தப் பாதியில் டாக்டருக்கு வேலை கம்மி. சம்பளத்துக்கும் சாப்பாட்டுக்கும் வீட்டுக்கும்தான் வேலை அதிகம். அதே ஆய்வில் இறந்துபோனவர்களைப் பற்றியும் சொல்லியிருந்தார்கள். 35 கிலோவுக்குக் கீழே எடை இருந்தவர்களுக்கு ஆபத்து பல மடங்கு. 35 கிலோ என்பது ஏழாம் வகுப்புப் பையனின் எடை.

சாப்பாடு என்று வந்ததால் மெட்ராஸ் ஆராய்ச்சிக்கே திரும்பப் போக வேண்டியிருக்கிறது. வீட்டில் மோசமாகச் சாப்பிட்டவர்களும் குணமானார்கள் என்று பார்த்தோமே. 1961ல் இதே மையம் சாப்பாட்டைப் பற்றித் தனியாகவே ஓர் அறிக்கை வெளியிட்டது. மாத்திரை சரியாகச் சாப்பிட்டால் குணமாவதற்கு நல்ல சாப்பாடு ஒரு நிபந்தனை இல்லை என்பது அதன் சாரம். ஏழை நாட்டுக்கு அது நல்ல செய்திதான். ஏழை என்பதால் சிகிச்சையை மறுக்க முடியாது அல்லவா? ஆனால் அதைப் படித்தவர்கள் "சாப்பாடு முக்கியம் இல்லை" என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள். பல பத்தாண்டுகள் டி.பி. திட்டத்தில் சாப்பாடு என்ற சொல்லுக்கே இடம் இல்லாமல் போயிற்று.

அந்தத் தவறு திருந்த 2023 வரை ஆனது. அந்த வருடம் ஆகஸ்டில் 'ரேஷன்ஸ்' என்ற ஆய்வின் முடிவுகள் லான்செட் இதழ்களில் வந்தன. ஜார்க்கண்டில் நான்கு மாவட்டங்கள். 2,800 நோயாளிகள், அவர்களின் வீட்டார் 10,345 பேர். நோயாளிகள் எல்லோருக்கும் அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய் என்று மாதாமாதம் மூட்டை கொடுத்தார்கள். பாதிக் குடும்பங்களில் வீட்டாருக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். அப்படிக் கொடுத்த வீடுகளில் புதிதாக டி.பி. வருவது 39 சதவீதம் குறைந்தது. கிருமி உறுதிசெய்யப்பட்ட டி.பி.யைப் பார்த்தால் 48 சதவீதம். புது மருந்து இல்லை, புது ஊசி இல்லை. அரிசி, பருப்பு! முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடியவர்களுக்கு இறக்கும் ஆபத்து 61 சதவீதம் குறைவு என்றும் கண்டார்கள். சேத்துப்பட்டு நிறுவனத்துக்கும் இந்த ஆய்வில் பங்கு உண்டு. தான் போட்ட முடிச்சைத் தானே அவிழ்த்த மாதிரி.

ஜார்க்கண்ட். எங்கள் தெரு லைன் வீட்டில் இருமிய பையனின் ஊரும் அதே மாநிலம்தான். அவனுடைய மாநிலத்தில் ஆராய்ச்சி செய்து சாப்பாடுதான் மருந்து என்று கண்டுபிடித்தாயிற்று. அவன் இங்கே மெஸ்ஸில் இரண்டு வேளை சோறும் உருளைக்கிழங்குக் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டு ஓவர்டைம் பார்த்தான். நோயாளிக்குச் சத்துணவுக்கென்று அரசு கொடுக்கும் பணம் 2018ல் மாதம் 500 ரூபாயாக ஆரம்பித்து, 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாயாகியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் பேங்க் கணக்கு, ஆதார், பதிவு எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தி அது கைக்கு வருவதற்குள் அவன் ஊர் மாறிவிடுகிறான்.

காட்டுப்பள்ளிக்கு இப்போது வருகிறேன். எண்ணூர் முகத்துவாரத்துக்கு வடக்கே, ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் பக்கிங்காம் கால்வாய் என்று ஒட்டிக் கிடக்கிற மணல் திட்டு. மீனவக் கிராமமாக இருந்த இடம். 2010ல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது, நாளைக்குப் பத்துக் கோடி லிட்டர். அடுத்தடுத்துக் கப்பல் கட்டும் தளம், துறைமுகம். இப்போது மீஞ்சூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிக்கு நடுவில் சைக்கிள் ஓட்டினால் உயிர் கையில் இருக்காது. வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஆலைகள். கல்தூசி, மணல்தூசி நெஞ்சுக்குள் போகிற வேலைகளில் டி.பி. வரும் வாய்ப்பு கூடும் என்பது மருத்துவத்தில் பழைய விஷயம்.

மெட்ராஸ் ஆராய்ச்சி 'வீடு' என்று சொன்னதே, இந்தப் பகுதியில் அந்த வீடு எங்கே இருக்கிறது? அன்றைக்குச் சென்னைக் குடிசையில் இருந்தவனுக்கு ஒரு மனைவியோ தாயோ இருந்தாள், ஒரு விலாசம் இருந்தது, போனால் ஆள் இருக்கும். லைன் வீட்டில் இருப்பவனுக்கு விலாசம் மேஸ்திரியின் போன் நம்பர்தான். கான்ட்ராக்ட் முடிந்தால் அடுத்த வாரம் ஒரகடம், அடுத்த மாதம் திருப்பூர். கண்டுபிடித்த ஆறு நாளில் ஆள் காணாமல் போனால் எந்த மாத்திரை வேலை செய்யும்? இத்தனைக்கும் 2012லிருந்து டி.பி. நோயாளி யாராக இருந்தாலும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். நிக்ஷய் என்று கம்ப்யூட்டர் பதிவு இருக்கிறது, ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு நோயாளியின் பெயரை மாற்றலாம். பெயர் மாறும். ஆள் போய்ச் சேர்ந்தானா என்று யார் பார்ப்பது?

ஈ.எஸ்.ஐ. பற்றி யாராவது சொல்வீர்கள். உண்மைதான், ஈ.எஸ்.ஐ.யில் டி.பி.க்கு ஒரு அருமையான ஏற்பாடு இருக்கிறது. நீண்டகால வியாதிகளின் பட்டியலில் டி.பி.யும் உண்டு. சம்பளத்தில் 80 சதவீதம், இரண்டு வருடம் வரை கிடைக்கும். கேட்கவே சுகமாக இருக்கிறதா? நிபந்தனையைப் பாருங்கள். இரண்டு வருடம் தொடர்ந்து வேலையில் இருந்திருக்க வேண்டும். எட்டு மாதத்துக்கு ஒரு கான்ட்ராக்டர் மாறுகிற, நடுவில் அறுவடைக்கு ஊருக்குப் போய் வருகிற பையனுக்கு இது எட்டாத கிளையில் இருக்கும் மாம்பழம். யாருக்கு டி.பி. அதிகம் வருமோ அவனைத் தவிர மற்றவர்களுக்கு என்று யாரோ உட்கார்ந்து யோசித்து எழுதிய மாதிரி இருக்கிறது.

இன்னொரு பேச்சும் தெருவில் கேட்டேன். "இவங்கதான் வியாதியைக் கொண்டாந்து நமக்குப் பரப்புறாங்க." டீக்கடையில் சொன்னவர் எனக்குத் தெரிந்த பெரியவர், மரியாதைக்காகச் சும்மா இருந்துவிட்டேன். இங்கே சொல்கிறேன். 1968ல் டி.பி. ஆராய்ச்சிக்கு இந்த மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தபோது இங்கே துறைமுகமும் இல்லை, சிப்காட்டும் இல்லை, வடக்கிலிருந்து வந்தவரும் இல்லை. டி.பி. இருந்தது, ஏராளமாக! இது நம் வீட்டு வியாதி. பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேரைப் படுக்க வைத்து வாடகை வாங்குகிறவர் நம்மூர்க்காரர்தான்.

தமிழ்நாட்டில் நல்லதும் நடக்கிறது, சொல்லாமல் விட்டால் பாவம். 2022ல் காசநோய் இறப்பில்லாத் திட்டம் என்று ஒன்று ஆரம்பித்தார்கள். இதில் நம் மாவட்டத்துப் பக்கமே, ஆவடிக்கு அருகில் அயப்பாக்கத்தில் இருக்கும் தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்துக்கு முக்கியப் பங்கு. நோய் கண்டுபிடித்த அன்றே நர்ஸ் சில விஷயங்களைப் பார்க்கிறார். எடை உயரத்துக்கு ஏற்ப இருக்கிறதா, கால் வீங்கியிருக்கிறதா, மூச்சு நிமிடத்துக்கு 24க்கு மேல் போகிறதா, ஆக்சிஜன் 94க்குக் கீழே இருக்கிறதா, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா. லேப் வேண்டாம், ஸ்கேன் வேண்டாம். இதில் மோசமாக இருப்பவரை உடனே படுக்கையில் சேர்த்துவிடுகிறார்கள். சானடோரியத்தை மூடிய ஊரிலேயே, யாரை வீட்டுக்கு அனுப்பலாம், யாரை அனுப்பக் கூடாது என்று அறுபது வருடம் கழித்து ஒரு கோடு போட்டிருக்கிறோம். ஆராய்ச்சி நோயாளிக்குத் திரும்பி வருவது என்றால் எனக்கு இதுதான் உதாரணம். அரசு மருத்துவமனை நர்ஸ் கையில் ஒரு தாளாக வந்து நிற்க வேண்டும்.

புதிய ஆராய்ச்சிகளும் நிற்கவில்லை. 2020ல் கொரோனா நேரத்தில் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு பி.சி.ஜி. பயன்படுமா என்று பார்த்தார்கள். 2024ல் பல மாநிலங்களில் பெரியவர்களுக்கு மறுபடியும் பி.சி.ஜி. போட்டுப் பார்க்கும் ஆய்வு தொடங்கியது. திருவள்ளூர் முடிவு தெரிந்த பிறகும் ஏன் என்று எனக்கும் முதலில் தோன்றியது. அவர்கள் இப்போது பார்ப்பது முன்பே டி.பி. வந்தவர்கள், நோயாளியோடு வாழ்பவர்கள், சர்க்கரை வியாதிக்காரர்கள், மெலிந்தவர்கள் போன்ற குறிப்பிட்ட ஆட்களை. அதனால் கேள்வி கொஞ்சம் வேறு. செய்யட்டும். ஆராய்ச்சியே வேண்டாம் என்று சொல்கிற கட்சி நான் இல்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். 1968ல் கரண்ட் இல்லாத கிராமத்துக்கு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு போக முடிந்தது. இன்றைக்குக் கையில் தூக்கிக்கொண்டு போகிற எக்ஸ்ரே கருவி வந்துவிட்டது. மீஞ்சூர், அத்திப்பட்டு, காட்டுப்பள்ளி லைன் வீடுகளுக்கும் லேபர் ஷெட்டுகளுக்கும் ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டு வரலாம். ஞாயிறு ஏன் என்றால் அன்றைக்குத்தான் கூலி போகாது. டி.பி. வந்தவனை ஆறு மாதம் வேலையை விட்டு அனுப்பக் கூடாது என்று ஒரு விதி வேண்டும். எய்ட்ஸ் நோயாளியை வேலையில் பாகுபடுத்தக் கூடாது என்று 2017ல் தனிச்சட்டம் போட்ட நாட்டில் டி.பி.க்கு அப்படி ஒரு தனிச்சட்டம் இல்லை. ஈ.எஸ்.ஐ.யின் அந்த இரண்டு வருட நிபந்தனையை டி.பி.க்கு மட்டுமாவது தளர்த்த வேண்டும். முதல் இரண்டு மாதம் மெஸ்ஸில் அவனுக்கு முட்டையும் பருப்பும் தனியாக வைக்க கான்ட்ராக்டருக்கு எவ்வளவு செலவாகும்? ஒரு கன்டெய்னர் லாரி டிராபிக்கில் நிற்கிற நேரத்தின் டீசல் காசு.

அப்புறம், தூரம். ஆஸ்பத்திரி விஷயமாக எதற்காவது மாவட்டத் தலைநகருக்குப் போக வேண்டும் என்றால், கும்மிடிப்பூண்டி லைனில் மீஞ்சூரில் ஏறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி, அரக்கோணம் லைன் பிடித்துத் திருவள்ளூர் போக வேண்டும். சொந்த மாவட்டத்துக்குள் போக சென்னைக்குள் போய் வர வேண்டிய கூத்து. மொழி தெரியாத ஒரு நோயாளியை நினைத்துப் பாருங்கள்.

அந்தப் பையனின் நம்பரை அவனுடைய அறைக்காரனிடம் வாங்கி இரண்டு முறை போன் செய்தேன். முதல் முறை ஸ்விட்ச்டு ஆஃப். இரண்டாவது முறை அவன் அம்மா எடுத்தார் போலிருக்கிறது. அவர் பேசியது இந்தி இல்லை, வேறு ஏதோ மொழி. எனக்குப் புரியவில்லை, நான் சொன்னது அவருக்கும் புரியவில்லை. "தவா, தவா" என்று நாலைந்து முறை சொன்னேன். பின்னால் யாரோ இருமுகிற சத்தம் கேட்டது. அது அவன்தானா என்று தெரியாது. பக்கத்தில் நின்ற என் அம்மா, "நாளைக்கு அந்த ரூம் பையனைக் கூட்டிட்டு வா, அவனை விட்டுப் பேசச் சொல்லலாம்" என்றார். அவனுக்கு இந்த வாரம் நைட் ஷிப்ட். காலையில் பிடிக்க வேண்டும்.